எதற்கும் ‘பாஸ்’ போட்ட ஸ்கிரிப்ட்

நுகேகொடையில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஒபிஸ். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நின்றபடி அங்கே போய்ச் சேரும்போதே எனக்குப் பாதித் தெம்பு போய்விடும்.

கப்பல் ஏஜென்ட்மார் கொள்கலன் பட்டியல்களைச் சரிபார்க்கப் பாவிக்கும் புரோகிராம் ஒன்றை நாங்கள் பராமரித்துவந்தோம். படமோ பட்டனோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையை அடித்து, பட்டியல் இருக்கும் பைலின் பெயரைக் கொடுத்தால், அதிலுள்ள பிழைகளைச் சொல்லும். அந்தப் புரோகிராமில் யாராவது கைவைத்தால், ஏற்கெனவே சரியாக ஓடியது எதுவும் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தது. ஓடவிட்டால் எல்லாச் சோதனைகளையும் அதுவே வரிசையாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சை எழுத்தில் ‘பாஸ்’ என்று போடும். எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர் எழுதியது. அவர் மெல்பேர்னுக்குப் போய்விட்டார்.

நான் சேர்ந்த நாளிலிருந்து பச்சைதான். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. சந்தேகப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

ஒரு காலை, கொட்டாஞ்சேனையில் ஏஜென்ட் ஒருவரின் ஒபிஸில் கிளார்க்காக இருந்த ஓர் அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

“மகள், பைல் பேருக்கு நடுவில இடைவெளி இருந்தா இது வாசிக்குதில்லையே. அப்படி ஒரு பைல் இல்லை எண்டு சொல்லுது.”

“இல்லை அன்ரி, அதுக்கெண்டே ஒரு ரெஸ்ட் வைச்சிருக்கிறம். இண்டைக்குக் காலமையும் பாஸ்.”

“இருக்கும். என்ட ஸ்கிரீன்ல இல்லை எண்டுதானே வருது.”

போனை வைத்துவிட்டு அந்தச் சோதனையை மட்டும் என் கையால் அடித்துப் பார்த்தேன். ‘பைல் இல்லை’ என்றது. ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டேன். ‘பாஸ்’ என்றது. இன்னொரு தரமும் அதேதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கிரிப்ட்டை வரி வரியாக வாசித்தேன். சோதனையில் வருவதை அது இன்னொரு கட்டளையிடம் கொடுத்து ஒரு பைலில் சேமித்தது. பிறகு, ‘சரியாக முடிந்ததா?’ என்று கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது வரியில் கடைசியாக நின்ற சேமிக்கும் கட்டளை. அது தன் வேலையை எப்போதும் சரியாகத்தான் செய்தது. சோதனை என்ன ஆனது என்று யாருமே கேட்கவில்லை.

மெல்பேர்னுக்குப் போன் எடுத்தேன்.

“அந்தச் சேமிக்கிற வரியோ… ஒருநாள் பின்னேரம் என்ன வருது எண்டு பாக்கப் போட்டது. எடுக்க மறந்திட்டன் போல,” என்றார். பிறகு கேட்டார், “இன்னும் அதையோ ஓட்டுறீங்கள்?”

“ஓம் அண்ணா, அதைத்தான்.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோதனையின் முடிவையே கேட்கும்படி ஒரு வரியை மாற்றி மறுபடி ஓடவிட்டேன். ஒவ்வொரு சோதனையாகத் தவறி, திரை சிவந்துகொண்டே போனது.

புரோகிராமை எழுதுபவள் பக்கத்து மேசை; கொம்பனித்தெரு மலாய்க் குடும்பத்துப் பெண். எட்டிப் பார்த்தாள்.

“என்ன அக்கா, ஒடச்சிட்டீங்களா?”

“நான் உடைக்கயில்லை. உடைஞ்சிருக்கிறது இப்பதான் தெரியுது.”

அந்த வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு போக வேண்டியிருந்தது. மனேஜர் வந்து நின்று பார்த்துவிட்டு, வெள்ளிவரை இதைப் பழையபடி விட ஏலாதா நங்கி என்று, தங்கச்சி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்டார். விடலாம், பச்சை வரும், ஆனால் புரோகிராம் பழுதாகவேதான் போகும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, பதிப்பு பிந்தும் என்று வாடிக்கையாளருக்குப் போன் எடுத்துச் சொல்ல உள்ளே போனார்.

அதற்குப் பின் வந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் கழுத்து வலிக்கிறது. எல்லாச் சிவப்பும் புரோகிராமின் பிழை என்றால் சுலபம். சிலவற்றில் எங்கள் எதிர்பார்ப்புத்தான் பழையது. புரோகிராமில் எப்போதோ மாற்றிவிட்ட ஒரு பழைய வாசகத்தைச் சோதனை இன்னும் தேடிக்கொண்டிருந்தது. பிழை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

“உங்களுக்குச் சிவப்பக் காட்டினாப் போதும். அதத் திருத்துறது நான்தானே,” என்று ஒருநாள் பக்கத்து மேசைக்காரி வெடித்தாள். அடுத்த நாள் என் மேசையில் ஒரு டப்பா தொதல் இனிப்பு வைத்துவிட்டுப் போனாள்.

இடைவெளிப் பிரச்சினைக்கு ஓரிடத்தில் மேற்கோள் குறி போட்டால் போதுமாக இருந்தது. கொட்டாஞ்சேனைக்குச் சொன்னேன்.

“நல்லம் மகள். நான் இப்ப பேரெல்லாம் ஒட்டி அடிச்சே பழகிட்டன்,” என்றார் அந்த அம்மா.

கடைசியில் ஒரு பின்னேரம் முழுத் திரையும் பச்சையானது. அவள் கை தட்டினாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு சோதனையின் எதிர்பார்த்த விடையைத் திறந்து, வேண்டுமென்றே ஓர் எழுத்தைப் பிழையாக்கி மறுபடி ஓடவிட்டேன்.

“இது என்னத்துக்கு அக்கா?”

“சிவப்பு வருதோ எண்டு பாக்க.”

வந்தது. எழுத்தைத் திருத்திவிட்டுக் கைப்பையை எடுத்தேன்.

அன்று பஸ்ஸில் சீற் கிடைத்தது. வெள்ளவத்தைக்குப் போகப் பாமன்கடையில் இறங்க வேண்டியவள், கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிப்போனேன். விழித்தபோது பஸ் திம்பிரிகஸ்யாயவைத் தாண்டிக்கொண்டிருந்தது. இறங்கி, வந்த பக்கமே மெதுவாக நடந்தேன்.