இடது பக்கம் செத்த ஹெட்போன்கள்

போர் முடிந்து சில வருடங்களில் எங்கள் பக்கம் வீடியோ எடுக்காத கல்யாண வீடே இல்லை என்றாகிவிட்டது. அந்த வீடியோக்களுக்குச் சத்தத்தைச் சீராக்கிக் கொடுப்பது என் தொழில். காதுதான் எனக்குச் சோறு போட்டது. அப்படியிருக்க, கொடுத்தவை திரும்பி வரத் தொடங்கின. இடது ஸ்பீக்கர் மட்டும் அலறுகிறதாம். ஐஸ் பெட்டியில் மீன் அடுக்குகிறவர்கள் எனக்குச் சத்தம் சொல்லித் தர வந்துவிட்டார்கள். பிறகுதான் என் ஹெட்போனில் சந்தேகம் வந்தது. அதில் இடது பக்கம் மங்கிவிட்டதால் அந்தப் பக்கத்தை நான் கூட்டி வைத்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு கல்யாணம் திரும்பினால் கடையை மூட வேண்டியதுதான்.

புது ஹெட்போன்களை நான் மதிப்பதில்லை. இளசுகளின் கழுத்தில் தொங்கத்தான் அவை லாயக்கு. சவூதிக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் கொண்டுவந்த ஜப்பான் சாமான்தான் வேண்டும் என்று தேடினேன். மாம்புரியில் ஒருவர் அப்படி ஒன்றுக்கு, பஞ்சு உதிர்ந்த இடத்தில் கதிரை மெத்தைக்குப் போடும் ரெக்சீனைத் தைத்து, தேங்காயெண்ணெய் பூசி மினுக்கி வைத்திருந்தார். என் போனில் செருகிக் கேட்டேன். இடது பக்கம் செத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் நல்லாக் கேட்கும் என்று அவர் சத்தியம் செய்தார். கள்ளன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். எத்தாளையில் ஒரு மாஸ்டர் வைத்திருந்ததும் அப்படியே. இவரிடம் படிக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் கவலைப்பட்டேன்.

கரைத்தீவில், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண், மவுத்தாகி அடக்கமாகிவிட்ட கணவரின் ஹெட்போனைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். வயரை ஆட்டினேன், கரகரப்பு இல்லை. பஞ்சும் முழுசாக இருந்தது. பாட்டைப் போட்டால் இடது பக்கம் மூச்சில்லை. குப்பையில் போட வேண்டியதை விற்கிறீர்களே என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “மாத்திப் போட்டுப் பாருங்க நானா,” என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் இடது என்று எழுதியதை நான் வலது காதில் வைத்ததே இல்லை. அப்படி வைக்கிறவர்களை மடையர் என்று சிரித்திருக்கிறேன். அவருக்குப் பாடம் படிப்பிக்கவே மாற்றி வைத்தேன். செத்த பக்கம் வலது காதில் கணீரென்று பாடியது. நல்ல பக்கம் இடது காதில் ஊமையாக இருந்தது.

பயந்துபோனேன். ஹெட்போனைக் கழற்றாமலே நின்றேன். அந்தப் பெண் என் இடது பக்கம் வந்து ஏதோ கேட்டார். உதடு அசைவதைக் கண்டு, ஓம் என்று தலையாட்டினேன்.