அமுதவல்லியின் மூன்று கோட்டுகள்

அமுதவல்லியைப் போல் மிக்ஸிக்குக் காது கொடுக்கத் தெரிந்தவர் எங்கள் தொழிற்பேட்டையில் கிடையாது. எங்கள் கம்பெனியில் செய்து முடித்த மிக்ஸியை ஒரு நொடி ஓடவிட்டுக் கேட்பாள், "இது திரும்பப் போவட்டும்" என்பாள். மீட்டரில் பழுது தெரியாமல் நிற்கும் சூப்பர்வைசருக்கு முகம் சுருங்கிவிடும். தவளக்குப்பத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். அவள் புருஷன் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டதால் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அப்படியும் அவள் கொண்டுவரும் வஞ்சிரக் குழம்பில் முக்கால்வாசியை நான்தான் தின்றேன், வெட்கமில்லாமல்.

புதுச்சேரியில் புதிதாகத் தொடங்கும் கம்பெனிக்குச் சில வருஷம் வரிச்சலுகை உண்டு. எங்கள் முதலாளி சும்மா இருப்பாரா? சலுகை முடிந்ததும் கம்பெனியை மூடுவார். 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம். திங்கட்கிழமை அதே கட்டடத்தில், மச்சான் பெயரில் புதுக் கம்பெனி. பூசணிக்காய் உடைத்து லட்டு கொடுப்பார்கள். அதே நாற்காலி, சேலைக்கு மேல் போடும் யூனிஃபார்ம் கோட்டு மட்டும் வேறு நிறம். முதலில் நீலம், பிறகு மெரூன், பிறகு பச்சை. என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று எல்லோருக்கும் கடிதம் நானே எழுதினேன். அதில் பெருமை வேறு!

பச்சைக் கோட்டு வெளுத்தபோது நாடு முழுக்க ஒரே வரி என்று ஜி.எஸ்.டி. வந்து, புதுச்சேரிச் சலுகையும் போனது. வெளியூர் மிக்ஸியோடு எங்கள் மிக்ஸி விலையில் போட்டிபோட முடியவில்லை. அது எங்களுக்கு எங்கே தெரிந்தது? கடிதம் கேட்டார்கள், வழக்கம்போல எழுதினேன்.

"இந்த வாட்டி என்னா கலருடி குடுப்பாங்க, மேனகா?" என்று கேட்டுக்கொண்டே அமுதவல்லி கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டுக் கூடையோடு போனோம். புதுப் பலகை இல்லை, கேட்டில் பூட்டு தொங்கியது. எப்படியும் திறப்பார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இழப்பீடு கேட்டு அவள்தான் மாதக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். தானாக விலகியவருக்கு ஒன்றும் கிடையாது என்று அந்தக் கடிதத்தையே எடுத்துக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள்.

இப்போது பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். போன வாரம் போயிருந்தேன். பக்கத்து ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடியது. "பேரிங் போயிடுச்சு" என்றாள், தலையை நிமிர்த்தாமலே. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு.

"அந்த லெட்டர நான் எழுதாம இருந்திருந்தா..." என்று இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறந்தேன்.

"ஆபீஸ்ல எடுத்துக் காட்டுனப்பக்கூட ஒன் எழுத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். முத்து முத்தா இருந்துச்சுடி" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. அவளோ நாலு துண்டு வஞ்சிரத்தை என் பையில் போட்டாள்.