லாரியில ஏறாத சொல்தா

எங்க மாமனாரு பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களப் புதுச்சேரியில அப்படித்தான் சொல்லுவாங்க. என் வீட்டுக்காரரும் சொல்தாதான், அல்ஜீரியாவுல இருந்தாரு. மாமியாரு போய்ச் சேந்துட்டாங்க. வீட்டுல நானும் மாமனாரும்தான். அம்மா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரேன்னாக்கூட, "சொல்தா பொண்டாட்டி வீட்ட வுட்டுப் போவக்கூடாது"ன்னுடுவாரு. பிரெஞ்சுக்காரன் ஊர வுட்டுப் போயி ஆறேழு வருஷம் ஆச்சு. எங்க வீட்ட வுட்டு மட்டும் போவல.

அந்தச் சித்திரையில ஒரு நாளு, பிரெஞ்சு ரேடியோ கேட்டுக்கிட்டிருந்த மாமனாரு விருட்டுன்னு எழுந்து நின்னுட்டாரு. அல்ஜீரியாவுல ஜெனரலுங்களே பிரெஞ்சு அரசாங்கத்த எதிர்த்துக் கலகம் பண்ணிட்டாங்களாம்.

"மாமா, அப்ப உங்க புள்ள எந்தப் பக்கம்?"

"சொல்தாவுக்கு ஏது பக்கம்? மேலதிகாரி சொன்னதச் செய்வான்."

"மேலதிகாரியே கலகக்காரனா இருந்தா?"

மாமனாரு ரேடியோ சத்தத்தக் கூட்டினாரு. சொன்னதச் செஞ்சா அரசாங்கம் ஜெயில்ல போடும். செய்யலன்னா அங்கயே சுட்டாலும் சுட்டுடுவானுங்க. என்னா பொழப்புடா சாமி இது!

எனக்குப் பிரெஞ்சு வராது. மாமனாரு தனக்குப் புடிச்சத மட்டும் சொல்லுவாரு, மத்ததுக்கெல்லாம் "ஒண்ணுமில்ல, உள்ள போ"ம்பாரு. ரேடியோவ ஒடைக்கலாம்னு ஆத்திரம் வரும். கலகம் சீக்கிரமே அடங்கிப்போச்சு. என் வீட்டுக்காரரப் பத்தித்தான் ஒரு சேதியும் இல்ல.

மழ தொடங்கினப்ப ஆளே லீவுல வந்து நின்னாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

சாப்புடறப்ப அவரே சொன்னாரு. "கேப்டன் லாரியில ஏறுன்னான். எங்க போறோம்னு கேட்டோம், சொல்லல. கலகத்துக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு. ஒருத்தன் தரையில உக்காந்தான். அப்புறம் எல்லாரும் உக்காந்துட்டோம். நானுந்தான்."

அட, என் ஆளா இதுன்னு இருந்துச்சு. இன்னொரு கரண்டி மீன்கொழம்பு ஊத்துனேன்.

மாமனாரு மொகம் சுண்டிப்போச்சு. "மேலதிகாரி ஏறுன்னா ஏறணுமா, இல்லியா?"

"அவன் கவர்மெண்ட்டயே எதிர்த்தவன்ப்பா."

"அத முடிவு பண்ண நீ யாரு?" பாதிச் சோத்துல எழுந்து கை கழுவிட்டாரு.

என் வீட்டுக்காரருக்குப் பட்டாளத்துக் கெடு முடியற சமயம் அது. மறுபடியும் கையெழுத்துப் போடலன்னா வீட்டோட இருந்துடலாம். மில்லுல வேல வாங்கித் தரேன்னு எங்கண்ணன் சொல்லியிருந்தான். அதுக்காவத்தான் நான் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

லீவு முடியறப்ப மாமனாரு மறுபடி வாயத் தொறந்தாரு. "குடும்பத்துக்குக் கெட்ட பேரு வந்துடுச்சு. இன்னொரு கெடு இருந்து, அத மாத்திட்டு வா."

"சரிப்பா"ன்னாரு இவரு. அவ்ளோதான்.

எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ, கூடத்துலயே கத்திட்டேன். "துப்பாக்கி வச்சிருந்தவன் பேச்சையே கேக்கலியே நீங்க! இங்க உங்களுக்கு என்னா கேடு? முடியாதுன்னு சொல்லுங்களேன்!"

"அன்னிக்குச் சுத்தி அத்தினி பேரு இருந்தாங்க. இங்க நான் ஒருத்தன்தான?"

"அப்ப நான் யாருங்க?"

அவரு தலையத் தூக்கல. மாமனாரு மட்டும் நான் கத்தி ஓயற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் நிதானமா, "ஆச்சா? போயி காப்பி கொண்டா"ன்னாரு.

போயி அடுப்பப் பத்த வச்சேன்.