எதிர் பிளாட்டின் டிவி

இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிப்பில் செருகியிருந்த டிவி ரிமோட்டை, சாரத்தோடு சேர்த்தே வாஷிங் மெஷினுக்குள் போட்ட கெட்டிக்காரன் நான்தான். அதனால் இன்று வெள்ளவத்தையில், எல்லா டிவிக்கும் பொருந்துமென்று சொன்ன ஒரு ரிமோட்டை வாங்கி வந்தேன்.

கூட வந்த தாளிலுள்ள கோட் நம்பர்களை ஒவ்வொன்றாக அடித்து, பவர் பட்டனை அமத்த வேண்டும். எந்த நம்பருக்கு டிவி அணைகிறதோ அதுதான் சரியான கோட். மகள் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். எங்கள் டிவி மசியவேயில்லை.

ஒரு நம்பருக்கு, ஜன்னலுக்கு நேரே குறுகலான ஒழுங்கைக்கு அப்பாலுள்ள எதிர் பிளாட்டின் டிவி அணைந்தது.

"ஐயோ, பிள்ளையின்ர அரங்கேற்றம்!" என்று அந்த வீட்டு அன்ரி கத்தினார். மெல்பேர்ணில் பேத்தி ஆடுவதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்ரி டிவியைத் திரும்பப் போட்டார். தற்செயலோ என்று பார்க்க நான் இன்னொரு தரம் அமத்தினேன். மறுபடியும் அணைந்தது.

அன்ரி ஜன்னலுக்கு வந்தார். "தம்பி, உங்கட டிவியும் நிண்டு போச்சோ?"

ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். "இல்லை அன்ரி. வயர் லூசாக்கும்."

"நான் நினைச்சனான்! இந்த மனுசன்தான் காலமை வயரை நோண்டினது. பிள்ளை ஆடி முடிக்கப் போகுது, எழும்பிப் பாருங்கோவன்!"

"நான் ஒண்டையும் தொடேல்லையப்பா" என்று முனகியபடி, முழங்கால் வலியோடு அங்கிள் டிவிக்குப் பின்னால் குனிந்தார்.

மகள் என்னையே பார்த்தாள். நீங்களென்றால் சொல்லியிருப்பீர்களோ தெரியாது. எனக்குத் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது: "அங்கிள், எழும்புங்கோ. அமத்தினது நான்தான்."