விசாலாட்சி அண்ணி கார் கழுவிய கதை

எங்கள் அண்ணி விசாலாட்சிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார். எதையாவது எடுத்துக் கழுவுவார். சட்டி, வாசல், அண்ணனின் செருப்பு என்று கண்ணில் படுவது எல்லாம் பளபளத்துவிடும். அந்த வியாழக்கிழமை காலை அவர் கண்ணில் பட்டது கார்.

எனக்குத் தெரிந்து எங்கள் கடலோர ஊரான கிளிஞ்சல்மேட்டில் கார் ஓட்டிப்போய் மீன் விற்கிற பெண் அண்ணி ஒருவர்தான். இருபது வருஷம் கூடையோடு பஸ்ஸில் போனவர். நாற்பத்து நாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு விழிதியூருக்கும் அம்பகரத்தூருக்கும் கிளம்பிவிட்டார். "கண்டக்டரு மூஞ்ச சுளிக்கிறதப் பாத்தே பாதி ஆயுசு போச்சு தம்பி. இனிமே என் வண்டி, என் வாடை" என்பார்.

அந்த வாடைதான் இப்போது வினையாகிவிட்டது. அண்ணியின் ஒரே மகள் ஜெயப்ரியாவுக்கு ஏழாம் மாதம். மீன்காரி வயிற்றில் பிறந்து, நண்டு ஓட்டைப் பல்லால் உடைத்துத் தின்று வளர்ந்த பெண்ணுக்கு மீன் வாடையே ஆகவில்லை. போன மாதம் அம்மாவின் காரில் ஏறியவள், தெருமுனை தாண்டுவதற்குள் இறங்கி வாந்தி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போலகத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளை மாறன் போன் செய்தார்.

"அத்தை, அன்னிக்கு ஏசி காரு சொல்லிட்டேன். நீங்க செரமப்பட வேணாம்."

நல்ல பிள்ளை, காரணத்தைச் சொல்லவில்லை. அண்ணி "சரிங்க மாப்ள" என்று போனை வைத்துவிட்டு வாளியை எடுத்தார்.

"வாட்டர் சர்வீஸ்ல விட்டுடலாமே அண்ணி" என்றேன்.

"போன மாசந்தான் விட்டேன். மீன் வாடையோட மல்லிப்பூ சென்டும் சேந்து எழவு வீடு மாதிரி ஆயிடிச்சு." வாளியைக் கீழே வைத்தார். "நான் மீன் வித்து வாங்குன வண்டி தம்பி. என் பொண்ணு அதுல ஏற மாட்டான்னா, அது எனக்கு எதுக்கு?"

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் கார் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும். அதனால் காலையில் ஒரு மணி நேரம் வரும் குழாய்த் தண்ணீரை வீட்டிலிருந்த அத்தனை குடத்திலும் பிடித்து வைத்திருந்தார். கூரையில் தொடங்கி, ஷாம்பு நுரையும் பழைய துணியுமாகக் கீழே இறங்கினோம். கதவு இடுக்கில் பல் பிரஷ்ஷை விட்டால் மீன் செதிலாக வந்தது. சீட் பெல்ட்டை இழுத்தேன், அதிலும் செதில். இதுவரை எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

பிறகு அண்ணி நாலு கதவையும் திறந்து, மூன்று வாளித் தண்ணீரைக் காருக்குள் ஊற்றினார்.

"அண்ணி, இது காரு, போட்டு இல்ல."

"உள்ள கழுவாம எப்பிடி வாடை போகும்?"

படகுக்காரர் வீட்டுப் புத்தி இது. படகின் வெளிப்பக்கத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும், உட்பக்கத்துக்குத்தான் வாளி. ஆனால் காரில் ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் அப்படியே நின்றது. பத்து மணி வெயிலுக்குப் பழைய வாடையோடு புது வாடையும் சேர்ந்து கிளம்ப, எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அண்ணி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கெடுத்துட்டேனா தம்பி?"

அப்போதுதான் அண்ணன் மணிவேல் வந்தார். மீன்பிடித் தடைக்காலம், கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர். காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, படகில் தண்ணீர் வடிக்கும் ஓட்டையைத் தேடுகிறவர் போல, "அடைப்பு எங்க இருக்கு?" என்றார்.

"காருக்கு ஏதுண்ணே அடைப்பு?"

"தண்ணி உள்ள வரும்னா, வெளிய போக வழி வச்சிருப்பான்டா."

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு ஸ்பேனரை எடுத்து முன் சீட்டுகளைத் தூக்கி வெளியே வைத்தார். கார்ப்பெட்டை உரித்ததும் மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இரண்டு வருஷம் ஐஸ் உருகிய தண்ணீரெல்லாம் அடியில் இருந்த பஞ்சு விரிப்பில் ஊறிக் கிடந்தது. இறால் ஓடு, செதில், அப்பளமாகக் காய்ந்த ஒரு மத்தி. அவற்றுக்குக் கீழே, தரையில் வட்டமாக ரப்பர் அடைப்பு, ஒன்றல்ல, நாலு! அண்ணன் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க, கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. தெருப் பூனைகள் இரண்டு ஓடி வந்தன. அண்ணி எழுந்து புடவையை இடுப்பில் செருகினார்.

பஞ்சைத் தூக்கி எறிந்தோம். மீன் சட்டிக்குப் போடுவது போலப் புளியைக் கரைத்து, கார்த் தரையைக் கையாலேயே தேய்த்து மூன்று தரம் அலசினார் அண்ணி. கார்ப்பெட்டும் சீட்டும் வலைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வெயிலில் காய்ந்தன. மணிக்கொரு தரம், "தம்பி, மோந்து பாருங்க" என்று என் உயிரை வாங்கினார்.

ஆனால் கிளிஞ்சல்மேட்டு மூக்கை எப்படி நம்புவது? பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் சுகிர்தா டீச்சர் சுத்த சைவம். சனிக்கிழமை மாலை அவரைக் கூட்டி வந்தோம். காருக்குள் தலையை விட்டு நிதானமாக மூச்சை இழுத்தார்.

"லேசா புளி வாடை வருதுங்க. வேற ஒண்ணுமில்ல."

அண்ணி டீச்சரைக் கட்டிக்கொண்டார். பாவம், டீச்சர் அதன்பின் வீட்டுக்குப் போய்க் குளித்திருப்பார்.

பரணில் இருந்த பின் சீட்டை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போலகம் போனோம். வளைகாப்பு முடிந்து ஜெயப்ரியா வெளியே வந்தபோது வாசலில் இரண்டு கார் நின்றன. ஏசி போட்டபடி வாடகைக் கார்; பக்கத்தில் எங்களது. அண்ணி சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். ஜெயப்ரியா அம்மாவின் கார்க் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தாள்.

"அந்தக் கார அனுப்பிடுங்க" என்று மாறனிடம் சொல்லிவிட்டு, வளையல் குலுங்க முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மாறன் பைக்கில் முன்னால் போய்விட்டார். அரசலாற்றுப் பாலம் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். கண்ணாடி இறக்கியிருந்தது; கடல் காற்று முகத்தில் அடிக்க, வாய் லேசாகத் திறந்திருந்தது. அண்ணி முப்பதுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

எங்கள் வீட்டுத் திருப்பம் வந்தது. அண்ணி நேராகப் போனார்.

"விசாலம், திருப்பத்த உட்டுட்ட" என்றார் பின்னால் என் பக்கத்தில் இருந்த அண்ணன்.

"தெரியும். மெதுவாப் பேசுங்க. ரெண்டு மாசமா புள்ளைக்குத் தூக்கமே இல்லன்னு மாப்ள சொன்னாரு."

"வீட்டுல ஆலத்தியோட காத்துக்கிட்டிருப்பாங்க. நாலரைக்கு ராவுகாலம் வேற."

"வந்துட்டுப் போவட்டும். என் வண்டியில எம் பொண்ணு தூங்குறா."

எங்கள் ஊரைத் தாண்டி கோட்டுச்சேரி வந்தும் அண்ணி வண்டியைத் திருப்பவில்லை.