இரண்டு சமையலறைக்கு ஒரே குழாய்

எங்கள் வீட்டில் அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மாடியில். நான் தம்பியின் மனைவி. இரண்டு சமையலறைக்கும் கழிவுநீர் போக ஒரே குழாய்தான். நான் எதைக் கொட்டி அடைத்துக்கொண்டாலும் பொங்கி வருவது கீழே என் ஓரகத்தியின் சிங்க்கில். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் ஆள் போலீஸ் மாதிரி.

தினமும் நான் பாத்திரம் கழுவும் நேரம் பார்த்து, மூடி போட்ட வாளியோடு மாடியேறி வருவார். சிங்க் ஓட்டையில் இருக்கும் சல்லடையைத் தூக்கிப் பார்த்து, காய்த்தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை எல்லாவற்றையும் வாளியில் தட்டிக்கொள்வார். பின்பக்கக் குழியில் கொட்டி மண் தள்ளுவார்.

"தட்டை மொதல்ல வழிச்சுப் போடுடி, அப்புறம் தண்ணியக் காட்டு."

வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அக்கா அதைக் கண்டுகொண்டால்தானே! அப்படியே உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் இறங்குவார். எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு, அந்த ஒரு மணி நேரம்தான் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது.

ஒரு மழைக்காலத்தில் மூன்று தடவை அடைத்தது. மச்சாண்டார், அதாவது அக்காவின் கணவர், என் கணவரிடம் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை பொங்குச்சுன்னா நாங்க வேற வீடு பாத்துப் போயிடுவோம்." சொன்னால் செய்கிற ஆள். அக்கா இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

அப்படியிருந்தும் அந்த வாரமே புத்தி கெட்டுப் போனேன். இறைச்சி வறுத்த சட்டி நிறையக் கொழுப்பு. காகிதத்தால் துடைத்துப் போட வேண்டியதுதானே? சோம்பல். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் உருகி ஓடிவிடும் என்று சிங்க்கில் விட்டேன். உருகித்தான் ஓடியது. கீழே வளைவில் போய் ஆறி உறைந்துவிட்டது.

மறுநாள் காலை கீழே சத்தம். படியில் நின்று எட்டிப் பார்த்தேன். தரையெல்லாம் தண்ணீர். அக்கா குழாய் வளைவைக் கழற்றி, விரலை விட்டு வெள்ளைக் கட்டி கட்டியாகத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"யாரு வேலை இது?" என்றார் மச்சாண்டார்.

"என் வேலைதாங்க. சட்டியைத் தொடைக்காமக் கழுவிட்டேன்" என்றார் அக்கா.

அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார் மச்சாண்டார். அக்கா தலையைக் குனிந்தபடி தரையைத் துடைத்தார். நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அக்கா இருந்தவரை என்றைக்குமே. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. வீடு மாறும் பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்தோம்.

அக்கா போய்ச் சேர்ந்த மறுமாதம், மனசு கேட்காமல் மச்சாண்டாரிடம் போய் அழுதேன். "அன்னைக்கு அந்தக் கொழுப்பைக் கொட்டினது நான்தான், மாமா."

"தெரியும்மா" என்றார். "அந்த மாசம் எனக்கு வயிறு சரியில்லைன்னு கீழ கறியே எடுக்கல. பொய் சொல்லத் தெரியாதவ அவ. உன்னை விட்டுப் போக மனசில்லாம மொதத் தடவையா ஒரு பொய் சொன்னா. அதுக்கப்புறம் நான் எப்படிம்மா வேற வீடு தேடுவேன்?"