சீட்டில் வராத சோசம்மா

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். ஜூலை 18, பிற்பகல் 2.40. கேரளத்தில் ராந்நி பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு.

முதியோர் உடல்நல ஆய்வில் எனக்கு வேலை. பட்டியலில் ஒவ்வொரு பதினோராவது வீடாகப் போக வேண்டும். வீட்டில் அறுபது தாண்டியவர்கள் பெயரையெல்லாம் சீட்டில் எழுதி, குலுக்கி, வருகிற ஒருவரிடம்தான் கேள்வி. வாசலுக்கு வந்து பேசுகிறவரையே எழுதிக்கொண்டு போனால், உள்ளே படுத்துக் கிடப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். நான் ஒருமுறை அப்படி ஆளை மாற்றி மாட்டிக்கொண்டவள். "இன்னொரு பொய் எழுதினா வேலை போயிடும் ஜிஜி" என்று மேற்பார்வையாளர் பினோய் சார் சொல்லிவிட்டார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

கதவைத் திறந்தவர் சோசம்மா. "எனக்கு எழுபத்தொண்ணு. உள்ள தம்பி குருவிளா. அவனுக்கு எழுபத்தேழு."

"தம்பியைவிட அக்காவுக்கு வயசு கம்மியா அம்மச்சி?"

"எழுபத்தொண்ணுதான். எழுது."

இந்த வயதிலும் வயதைக் குறைக்கும் ஆசையா! எழுதினேன்.

2.50. குலுக்கினேன். குருவிளா.

"அவன் பேரா வந்துச்சு? ரெண்டு சீட்டையும் விரிச்சுக் காட்டு."

காட்டினேன். பார்த்தார். தொடவில்லை.

குருவிளா அப்பச்சன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோசம்மா அறைக்குள் வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றார்.

"எங்கேயாவது விழுந்தீங்களா அப்பச்சா?"

"இல்லை."

"நான் விழுந்தேன். என்கிட்ட கேளு."

"சீட்டு உங்களுக்கு வரலையே அம்மச்சி. கேட்கக்கூடாது."

"கேளுடீ..."

அப்பச்சன் ஏன் நிலைப்படிப் பக்கம் திரும்பவே இல்லை?

3.10. ரத்த அழுத்தக் கருவி. ர்ர்ர்... 150.

"அம்மச்சி விழுந்தாங்களாம், தெரியுமா?"

கருவியை மறுபடி அழுத்தினேன்.

ர்ர்ர்... 220.

திரும்பினேன்.

யாருமில்லை.

நிலைப்படி மட்டும் ஈரம்... அன்று மழையே இல்லை.

நான்காம் நாள், சரிபார்க்கப் போன பினோய் சார் போன் செய்தார்.

"இல்லாத ஆளை எழுதியிருக்கே. அந்த வீட்ல குருவிளா ஒருத்தர்தான். அக்கா கிணத்துல விழுந்து செத்து ஒன்பது வருஷமாச்சு. அப்போ வயசு எழுபத்தொண்ணு."

"சத்தியமா சார்... கதவைத் திறந்ததே அவங்கதான். விழுந்தேன்னு சொன்னாங்க. அதை அப்பச்சன்கிட்டயும் சொன்னேன்."

பினோய் சார் குரலைத் தாழ்த்தினார்.

"அதனாலதானா... நான் கிளம்பும்போது அப்பச்சன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை ஜிஜி. ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். 'அக்கா விழுந்தேன்னா சொன்னா? விழுந்தேன்னு மட்டும்தானா?'"